பள்ளிக்கரணை விடியக்காலை, தண்ணில நாரைங்க: அக்ரிலிக்ல வரைய ஒரு முழு வழிகாட்டி

விடியக்காலை வெளிச்சத்துல ஒரு பறவையையோ மானையோ வரையணும்னு ஆசைப்படுறவங்க பெரும்பாலும் அந்த பறவையில இருந்துதான் ஆரம்பிப்பாங்க, இறகு இறகா அழகா போட்டு முடிச்சிட்டு அப்புறம் பின்னாடி வானம், தண்ணி, புல்லுன்னு நிரப்புவாங்க, கடைசில பாத்தா பறவை கத்திரிச்சு ஒட்டுன ஸ்டிக்கரா தெரியும். ஏன்னா விடியக்காலைல நம்ம கண்ணு முதல்ல பாக்குறது காத்தைத்தான். ஈரமும் தூசியும் கலந்து நிக்கிற அந்த காத்துமேல வெளிச்சம் பட்டு அது பளபளன்னு ஆகுது, பறவை அதுக்குள்ள ஒரு வடிவம், அவ்ளோதான். அதனால இந்த வழிகாட்டில பறவை ரொம்ப லேட்டாத்தான் வரும், பொறுமை வேணும் மக்களே.

நாம வரையப்போறது சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலம், தை மாசத்து காலை, ஆழம் கம்மியான தண்ணில நாலஞ்சு மஞ்சமூக்கு நாரை, கிட்டக்க கோரை, தூரத்துல மரக்கூட்டம். 16க்கு 20 இன்ச் கேன்வாஸ், அக்ரிலிக். ஆயில்ல பண்றவங்களுக்கும் இதே வரிசைதான், காயுற நேரம் மட்டும் வேற.

முதல்ல போய் பாருங்க

யூடியூப்ல இருக்குற லேண்ட்ஸ்கேப் டுட்டோரியல் பாதிக்கு மேல ஐரோப்பா, அமெரிக்கா ஆளுங்க போட்டது. அங்க சூரியன் சாய்வா மெதுவா ஏறும், அந்த தங்க வெளிச்சம் ரொம்ப நேரம் நிக்கும். நம்ம சென்னை இருக்குறது 13 டிகிரி வட அட்சரேகைல, இங்க சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா மேல ஏறிடும். ஜனவரில ஆறரை மணி வாக்குல உதிக்குதுன்னா ஏழேகாலுக்கெல்லாம் வெளிச்சம் வெள்ளையா ஆக ஆரம்பிச்சிடும். அதனால உங்களுக்கு கிடைக்கிறது சுமாரா முக்கால் மணி நேரம், அதுபோக உதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம் வானம் மட்டும் வெளுத்திருக்கும், நிழலே இருக்காது, அதுவே தனி மூட். அஞ்சே முக்காலுக்கு போய் நின்னுடுங்க.

எங்க நிக்கிறீங்கங்குறதுதான் படத்தையே முடிவு பண்ணும். வேளச்சேரி தாம்பரம் ரோடு பக்கம் நின்னா சூரியன் உங்க எதிர்ல, பறவைங்களுக்கு பின்னாடி இருந்து வெளிச்சம் வரும், ஓரம் மட்டும் மின்னும். கிழக்கால ஐடி கம்பெனிங்க இருக்குற ஓஎம்ஆர் ரோடு பக்கம் நின்னா சூரியன் உங்க முதுகுல, நாரையோட ரோஸ், மஞ்ச எல்லாம் பளிச்சுன்னு தெரியும், ஆனா படம் கொஞ்சம் தட்டையாயிடும். துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் ரோடு சதுப்புக்கு குறுக்கால போறதால அங்க பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும், ஆனா வண்டி போற வேகத்துக்கு ஓரமா நிக்கும்போது ஜாக்கிரதை. நான் எதிர் வெளிச்சத்துக்குத்தான் ஓட்டு போடுவேன், மூணுல அதுதான் கஷ்டம், விடியல்னு பாத்தவுடனே தெரியுறதும் அதுலதான்.

வடகிழக்கு மழை முடிஞ்சு டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பறவை நிறைய. 2022ல இந்த இடம் ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்துச்சு, அதுக்கப்புறம் கேமராவோட வர்ற கூட்டமும் கூடிப்போச்சு, ஞாயித்துக்கிழமைய தவிர்த்துடுங்க. போகி அன்னைக்கு காலைல போனா ஊரே புகைல இருக்கும், வெளிச்சம் பழுப்பு ஆரஞ்சா வரும். மூச்சுக்கு கெடுதல், ஆனா அந்த கலரை ஒருதடவை பாத்து வச்சுக்கிட்டா காத்துல தூசி கூடுனா நீலம் எப்படி செத்துப்போகுதுன்னு புரிஞ்சிடும். காரணம் சிம்பிள், சூரியன் தாழ இருக்கும்போது வெளிச்சம் ரொம்ப நீளமான காத்தை கடந்து வரணும், வழியிலேயே நீலம் சிதறிப்போயிடுது, மிஞ்சி வர்றது மஞ்சளும் சிவப்பும்தான்.

போட்டோ எடுங்க, ஆனா அதை நம்பி மட்டும் வரையாதீங்க. எதிர் வெளிச்சத்துல போன் வானத்தை பாத்து எக்ஸ்போஷர் வச்சா பறவை கரிக்கட்டை ஆயிடும், ஹெச்டிஆர் போட்டா எல்லாமே ஒரே அளவு வெளிச்சமா சப்புன்னு வரும், நம்ம கண்ணு பாக்குறது ரெண்டுக்கும் நடுவுல. அதனால வானத்துல தொட்டு ஒண்ணு, பறவைமேல தொட்டு ஒண்ணுன்னு ரெண்டு எடுங்க. கூடவே ஒரு சின்ன நோட்டுல பென்சில்ல டோன் நம்பர் எழுதிக்குங்க, 1 ரொம்ப வெளிச்சம், 5 ரொம்ப இருட்டு. என் கணக்கு பெரும்பாலும் இப்படி வரும்: சூரியன் பக்கத்து வானம் 1, மேல் வானம் 2, தண்ணி 2, தூரத்து மரம் 3, கிட்ட இருக்குற கோரை 5. வெள்ளை நாரையோட நிழல் பக்கம் 3. ஆமா, 3தான். வெள்ளை பறவை வானத்தை விட இருட்டு. இதை நம்புறதுக்கு மனசு வராது, மூளை "அது வெள்ளைடா"ன்னு கத்திக்கிட்டே இருக்கும், கண்ணை பாதி மூடி இடுக்கி பாருங்க, தெரியும்.

பறவை பக்கத்துல போய் துரத்தி பறக்கவிட்டு படம் எடுக்குறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அது வேணாம். உடம்பு அமைப்பு கிட்டத்துல பாக்கணும்னா எழும்பூர் மியூசியத்துல பாடம் பண்ணி வச்ச பறவைங்க இருக்கு, ஒரு வாரநாள் மதியம் போனா நிம்மதியா உக்காந்து ஸ்கெட்ச் பண்ணலாம்.

சாமான்

டைட்டானியம் வெள்ளை (பெரிய ட்யூப்), யெல்லோ ஆக்கர், லெமன் யெல்லோ, க்ரிம்சன், அல்ட்ராமரீன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா. போதும். கறுப்பு வாங்காதீங்க, அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேத்தா கறுப்புக்கு பக்கத்துல ஒரு இருட்டு வரும், வெள்ளை சேக்க சேக்க அதுவே அருமையான சாம்பல் ஆகும், நீலம் கொஞ்சம் கூட்டுனா குளிர்ச்சி, சியன்னா கூட்டுனா சூடு. இந்த படத்துல முக்கால்வாசி இந்த சாம்பல்தான்.

ஒன்றரை இன்ச் ஃப்ளாட் பிரஷ், அரை இன்ச் ஃப்ளாட், ஒரு ரவுண்ட், காலுக்கும் கோரைக்கும் ஒரு லைனர் (மெல்லிசு கோடு போடுற பிரஷ்). தண்ணி ஸ்ப்ரே பாட்டில், பழைய காட்டன் துணி, மேட் மீடியம் (பெயின்ட்ல கலந்து மெல்லிசாக்குற பளபளப்பில்லாத கலவை). அப்புறம் முக்கியமா, வானம் போடும்போது ஃபேனை ஆஃப் பண்ணுங்க. சித்திரை மாசத்துல ஃபேனுக்கு கீழ அக்ரிலிக் போட்டா பிரஷ் அடுத்த பக்கம் போறதுக்குள்ள காஞ்சிடும், வேர்த்தாலும் பரவால்ல அரை மணி நேரம் தாங்குங்க. மழை மாசத்துல இந்த பிரச்சனை இல்ல.

இன்னொண்ணு, அக்ரிலிக் காஞ்சா கொஞ்சம் இருட்டாகும், ஈரத்துல பால் நிறத்துல இருக்குற பைண்டர் (கலர் பொடியை பிடிச்சு வச்சிருக்குற பசை) காஞ்சதும் தெளிஞ்சிடுறதுதான் காரணம். அதனால கலக்கும்போது வேண்டியதை விட ஒரு மாத்து, அதாவது ஒரு சின்ன படி வெளிச்சமா கலங்க, ஓரத்துல ஒரு பொட்டு வச்சு காயவிட்டு பாத்துட்டு போடுங்க.

சின்னதா மூணு ஸ்கெட்ச்

தீப்பெட்டி சைஸ்ல கட்டம் போட்டு மூணு டோன் மட்டும் வச்சு கிறுக்குங்க, டீட்டெயில் எதுவும் வேணாம். தொடுவானம் நட்ட நடுவுல வேணாம், மேல இருந்து மூணுல ஒரு பங்குல வைங்க, தண்ணிக்கு நிறைய இடம் கிடைக்கும். சூரியனை படத்துக்குள்ள கொண்டுவராதீங்க, இடது ஓரத்துக்கு கொஞ்சம் வெளிய இருக்குன்னு வச்சுக்குங்க. உள்ள வச்சா எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க, நாரை பாவம்.

நாரைங்களை சம இடைவெளில நிறுத்தாதீங்க. மூணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒண்ணு தள்ளி தனியா, இன்னொண்ணு தூரத்துல மங்கலா. ஒட்டி இருக்குற மூணும் சேந்து ஒரே வடிவமா தெரியணும், ஒண்ணோட கழுத்து இன்னொண்ணோட முதுகை வெட்டிட்டு போனா நல்லது.

இப்ப அளவு. மஞ்சமூக்கு நாரை சுமாரா ஒரு மீட்டர் உயரம், சின்ன வெள்ளைக்கொக்கு 60 சென்டிமீட்டர் வாக்குல, மடையான் அதையும் விட சின்னது. சம்பு கோரை ரெண்டு மீட்டருக்கு மேல வளரும். இந்த கணக்கு தெரியாம கோரையை விட உசரமா நாரைய வரைஞ்சா பறவை தெரிஞ்சவங்க சிரிச்சிடுவாங்க. தூரத்துல இருக்குறது எவ்ளோ சின்னதா இருக்கணும்னு குழப்பம் வருமே, அதுக்கு ஒரு வழி இருக்கு. தொடுவானம் எப்பவும் உங்க கண்ணு மட்டத்துல இருக்கும். உங்க கண்ணு தண்ணிய விட 3 மீட்டர் மேல இருக்குன்னு வைங்க, மேடான ரோட்டுல நின்னா அவ்ளோ வரும். நாரை 1 மீட்டர். அப்போ எந்த நாரையா இருந்தாலும், கிட்டயோ தூரமோ, அதோட காலடில இருந்து தொடுவானம் வரைக்கும் உள்ள தூரத்துல மூணுல ஒரு பங்குதான் அதோட உயரம். தண்ணி சமதளம்ங்குறதால இது அப்படியே வேலை செய்யும். ஸ்கேல் வச்சு குறிச்சிடுங்க, அப்புறம் சந்தேகமே வராது.

அடிப்பூச்சு, கோடு

கடைல வாங்குற ரெடிமேட் கேன்வாஸ் கொஞ்சம் வழுவழுன்னோ ரொம்ப உறிஞ்சுறதாவோ இருக்கும், மேல இன்னொரு கோட் ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கு அடிக்கிற வெள்ளை ப்ரைமர்) அடிங்க. காஞ்சதும் பர்ன்ட் சியன்னாவை தண்ணியா கரைச்சு முழுசும் பூசி துணியால துடைச்சிடுங்க, லேசான செம்மண் கலர் தங்கும். அப்புறம் மேல சாம்பல் போடும்போது இடையிடையே இந்த சூடு எட்டிப்பாக்கும், விடியலுக்கு பாதி வேலை அதுலயே முடியும்.

சாக்பீஸால தொடுவானம், மரக்கோடு, நாரைங்களோட இடம் மட்டும் குறிங்க. இறகெல்லாம் இப்ப வரையாதீங்க, எப்படியும் வானமும் தண்ணியும் அதுமேலதான் வரப்போகுது.

வானம்

பேலட்ல மூணு குவியல் முன்னாடியே கலந்து வச்சுக்குங்க. ஒண்ணு, வெள்ளையோட லெமன் யெல்லோவும் ஆக்கரும் துளி துளி. ரெண்டு, வெள்ளையோட ஆக்கர், க்ரிம்சன் சேத்து ஒரு மங்குன ரோஸ். மூணு, வெள்ளையோட அல்ட்ராமரீன், அதை அடக்க துளி பர்ன்ட் சியன்னா. மஞ்சள் சூரியன் பக்கம் தொடுவானத்துல, நீல சாம்பல் மேல, நடுவுல ரோஸ். நடுவுல ரோஸ் கண்டிப்பா வேணும், மஞ்சளும் நீலமும் நேரா சந்திச்சா பச்சை வானம் ஆயிடும்.

கேன்வாஸை லேசா ஸ்ப்ரே பண்ணி பெரிய பிரஷ்ல எக்ஸ் எக்ஸா போட்டு கலந்துக்கிட்டே போங்க. நம்ம ஊர் காலை வானம் காலண்டர் படத்துல வர்ற மாதிரி வயலெட்டும் ஆரஞ்சுமா இருக்காது, கடல் பக்கத்துல ஈரம் ஜாஸ்தி, பால் கலந்த மஞ்சளாத்தான் இருக்கும். கலர் கம்மியா இருக்கேன்னு பயப்படாதீங்க, கம்மியாத்தான் இருக்கணும். காஞ்சதும் ரெண்டாவது கோட் அதே கலர்ல.

தூரத்து கரை

இதை மூணு அடுக்கா போடுங்க. ரொம்ப தூரத்துல இருக்குறது வானத்தை விட அரை மாத்துதான் இருட்டு, நீல சாம்பல், ஓரம் கரைஞ்சிருக்கணும். அடுத்தது கொஞ்சம் தெளிவா சீமைக்கருவேல மரங்க, தலை தட்டையா பரந்து இருக்கும், நடுவுல ரெண்டு பனை. மூணாவது கரைல நிக்கிற கோரைப்புதர், இதுல பச்சை லேசா வரலாம். ஒவ்வொரு அடுக்கும் சூரியன் பக்கம் போகப்போக மஞ்சளாகி வெளுத்து மறையணும்.

இங்க ஒரு கேள்வி வரும், பின்னாடி தெரியுற ஐடி கட்டடங்களும் கரண்ட் டவரும் என்ன பண்றது? நிறைய பேர் அழிச்சிட்டு காடு போட்டுடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இருக்குறதை இருக்குறபடி காட்டுறதுதானே இந்த வகை படம், பள்ளிக்கரணைல ஓஎம்ஆர் இல்லாத கிழக்கு கிடையாது. ஒரு டவரை முதல் அடுக்கோட டோன்லயே, வானத்தை விட அரை மாத்து இருட்டா மட்டும் போட்டு பாருங்க, பனிக்குள்ள பாதி தெரியும் பாதி தெரியாது, நாரைங்க இன்னும் நிஜமா ஆயிடும். ஆனா ஜன்னல் ஜன்னலா எண்ணி வரைஞ்சா அது ரியல் எஸ்டேட் விளம்பரம்.

தண்ணி

வானத்துக்கு கலந்த அதே குவியல்களை ஒரு மாத்து இருட்டாக்கி தலைகீழா போடுங்க, தொடுவானத்துக்கு பக்கத்துல மஞ்சள், நம்ம காலடிக்கு வர வர நீல சாம்பல், அதுல சேறு தெரியுற மாதிரி கொஞ்சம் சியன்னா. முதல்ல பிரஷை மேலிருந்து கீழ இழுங்க, ஈரமா இருக்கும்போதே காஞ்ச ஃப்ளாட் பிரஷால படுக்க ஒரே ஒரு தடவை தடவி விடுங்க. நிறைய தடவுனா கண்ணாடித்தன்மை போயிடும்.

பிரதிபலிப்பும் நிழலும் வேற வேற, இங்கதான் நிறைய படம் கவுருது. பிரதிபலிப்பு எப்பவும் காலடில இருந்து நேர் கீழ, சூரியன் எங்க இருந்தாலும் சரி. நிழல்தான் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாயும். தெளிஞ்ச தண்ணில நிழல் கிட்டத்தட்ட தெரியவே தெரியாது, சேத்துத் திட்டுமேல நிக்கிற பறவைக்குத்தான் நிழல். அது எவ்ளோ நீளம்? சூரியன் 10 டிகிரி உயரத்துல இருந்தா உயரத்தை விட அஞ்சரை மடங்குக்கு மேல, ஒரு மீட்டர் நாரைக்கு அஞ்சரை மீட்டர் நிழல். இருட்டான பொருளோட பிரதிபலிப்பு நிஜத்தை விட கொஞ்சம் வெளிச்சமா இருக்கும், வெளிச்சமான பொருளோடது கொஞ்சம் மங்கும்.

பனி

ராத்திரி பூரா சூட்டை வச்சிருக்குற தண்ணிக்கு மேல குளிர்ந்த காத்து வந்து நிக்கிறதாலதான் அந்த மெல்லிசு பனி, அதனால அது தண்ணியோட ஒட்டித்தான் கிடக்கும், மரத்தோட உச்சில இருக்காது. வெள்ளை, துளி ஆக்கர், நிறைய மேட் மீடியம் கலந்து மரத்தோட அடிப்பாகத்துல கொஞ்சூண்டு வச்சு துணியால தேச்சு பரப்பிடுங்க, தோசைக்கல்லுல வெங்காயத்தை வச்சு எண்ணெய் தேய்க்கிற அளவுக்கு மெல்லிசா. காயவிடுங்க, பத்தலைன்னா இன்னொரு தடவை. ஒரே தடவைல கெட்டியா போட்டா பஞ்சு ஒட்டுனதாத்தான் தெரியும். இதெல்லாம் முடிச்சிட்டு அன்னைக்கு கடைய மூடிடுங்க, மறுநாள் காலைல புதுக்கண்ணோட பாக்கலாம்.

இப்பதான் நாரை

முதல்ல முழு வடிவத்தையும் ஒரே டோன்ல, அந்த 3ம் நம்பர் நீல சாம்பல்ல நிரப்புங்க. கண்ணு, இறகு, அலகு கலர் எதுவும் இல்லாம வெறும் வடிவத்தை பாத்தே இது நாரைன்னு தெரியணும். தெரியலைன்னா டீட்டெயில் காப்பாத்தாது, வடிவத்தை திருத்துங்க. நாரைக்கு அலகு கனமா, நீளமா, நுனில லேசா கீழ வளைஞ்சு இருக்கும். இரை தேடும்போது அலகை பாதி திறந்து தண்ணிக்குள்ள விட்டு இடமும் வலமும் ஆட்டிக்கிட்டே நடக்கும், காலால சேத்தை கிளறும், அந்த போஸ் ஒண்ணாவது வைங்க, எல்லாம் நிமிந்து நின்னா ஸ்கூல் அசெம்ப்ளிதான். வானத்துல ஒண்ணு பறக்கவிடணும்னா கழுத்தை நேரா நீட்டி போடுங்க, நாரை அப்படித்தான் பறக்கும். கொக்கும் கூழைக்கடாவும்தான் கழுத்தை மடக்கி வச்சுக்கும்.

கால்ல நடுவுல பின்பக்கமா மடங்குறது முட்டி கிடையாது, அது கணுக்கால், நிஜ முட்டி வயித்து இறகுக்குள்ள மறைஞ்சிருக்கு. இது தெரிஞ்சா கால் எங்க இருந்து கிளம்புதுன்னு சரியா வரும். லைனர் பிரஷ்ல தண்ணியா கலந்த பெயின்ட், ஒரே இழுப்பு, மூச்சை பிடிச்சுக்குங்க.

அடுத்து நிழல் பக்கத்துக்குள்ளேயே வித்தியாசம். வயித்துக்கு கீழ தண்ணில இருந்து வெளிச்சம் திரும்பி அடிக்கும், அங்க சாம்பல் கொஞ்சம் மஞ்சளாகும். முதுகு வானத்தை பாக்குது, அங்க நீலமாகும். மார்ல குறுக்கால ஓடுற கறுப்பு பட்டை இந்த வெளிச்சத்துல கறுப்பா இருக்காது, 4ம் நம்பர் சாம்பல். வால் பக்கத்து ரோஸ் இறகுக்கு க்ரிம்சன் துளி, அந்த சாம்பலோட கலந்துதான், ட்யூப்ல இருந்து நேரா எடுத்து வச்சா அது மட்டும் தனியா குதிச்சு வெளிய வந்துடும். அலகும் மூஞ்சியும் ஆக்கர் சியன்னா கலவை.

கடைசியா ஓர வெளிச்சம். வெள்ளையோட லெமன் யெல்லோ துளி, கெட்டியா, ரவுண்ட் பிரஷ் நுனில எடுத்து சூரியன் பக்கம் பாக்குற ஓரத்துல மட்டும். தலை உச்சி, கழுத்து வளைவு, முதுகு. முழு ஓரத்தையும் சுத்தி போட்டா நியான் போர்டு ஆயிடும், விட்டு விட்டு போடுங்க, சில இடத்துல தடியா சில இடத்துல காணாம. இறக்கை விரிச்சிருந்தா பறக்கும் இறகுக்குள்ள வெளிச்சம் ஊடுருவி வரும், அங்க சூடான ஆக்கர். டீட்டெயில் ஒரே ஒரு நாரைக்கு மட்டும், மத்ததெல்லாம் சும்மா வடிவம், தூரத்துல இருக்குறதுக்கு ஓர வெளிச்சம்கூட வேணாம்.

இந்த விஷயத்துல கண்ணை பழக்கணும்னா ப்ரூனோ லில்ஜஃபோர்ஸ்னு ஒரு ஸ்வீடன் ஓவியர் இருந்தார், 1860ல பொறந்து 1939ல செத்தவர், அவர் படங்களை நெட்ல தேடி பாருங்க. பறவையும் நரியும் முயலும் அந்த இடத்துக்குள்ளேயே கரைஞ்சு கிடக்கும். நேர் எதிரா ஜஹாங்கீர் அரசவைல இருந்த உஸ்தாத் மன்சூர் வரைஞ்ச சைபீரிய கொக்கு, பின்னாடி பெருசா ஒண்ணும் கிடையாது, ஆனா இறகுங்க அவ்ளோ துல்லியம். ரெண்டும் உசத்திதான், ஆனா நாம இப்ப போறது முதல் வழில.

முன்னாடி கோரை, அப்புறம் செக்கிங்

படத்துலயே ரொம்ப இருட்டு இங்கதான். அல்ட்ராமரீன், சியன்னா, துளி லெமன். கீழிருந்து மேல இழுத்து நுனில தூக்கிடுங்க, ரெண்டு மூணு ஒடிஞ்சு தண்ணில படுத்திருக்கட்டும். ஒரு மூலைல மட்டும் போதும், வேலி கட்டிடாதீங்க. ஒரு நீலத் தாழைக்கோழியோட செவப்பு நெத்தி கோரைக்கு நடுவுல எட்டிப்பாக்குறமாதிரி வைக்க ஆசை வரும், வைக்கலாம், ஆனா நாரைகிட்ட போற கண்ணை அது பாதில பிடிச்சு வச்சுக்கும்.

போன்ல ஒரு போட்டோ எடுத்து பிளாக் அண்ட் ஒயிட் ஆக்குங்க. நாரை உடம்பு வானத்தை விட வெளிச்சமா தெரிஞ்சா ஒரு மெல்லிசு நீல சாம்பல் கிளேஸ் (அடில இருக்குறது தெரியுற மாதிரி பூச்சு) போட்டு இறக்கணும். கேன்வாஸை தலைகீழா வச்சும் பாருங்க, தொடுவானம் சாஞ்சிருந்தா அப்பதான் தெரியும்.

வார்னிஷுக்கு மூணு நாலு நாள் காயவிடுங்க, மழைக்காலம்னா ஒரு வாரம். ஆயில் கெட்டியா போட்டிருந்தா ஆறு மாசம். முழு க்ளாஸ் வேணாம், வீட்டு ட்யூப்லைட் மொத்தமும் அதுல மின்னும், பளபளப்பு கம்மியான சாட்டின் வாங்குங்க. மாட்டும்போது ஈரம் ஊறுற வெளிச்சுவரை விட்டுடுங்க, ஐப்பசி கார்த்திகைல கேன்வாஸுக்கு பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், ஃப்ரேமோட கீழ் மூலை ரெண்டுலயும் சின்ன கார்க் துண்டு ஒட்டுனா சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும்.